வரப்பின் மேல் நின்ற நகரம்

கொடுவாப்பட்டுக்காரர்களைப் பற்றிச் சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. பால்காரர் ஊற்றும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பார்களாம், விரல் பொய் சொல்கிறதோ என்று பக்கத்து வீட்டுக்காரியையும் விரலை விடச் சொல்வார்களாம், அவள் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டால் இவள் ஏன் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தாள் என்று பொழுது சாயும்வரை யோசித்துக்கொண்டிருப்பார்களாம். அப்படிப்பட்ட ஊருக்குக் கிழக்கே, ஏரிக்கும் முந்திரித் தோப்புக்கும் நடுவில் கிடந்த நாற்பது ஏக்கர் மணிலாக்கடலைக் கொல்லையில், மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நகரம் வந்து நின்றபோது, இது எப்படி வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதை யார் அனுப்பினது, எதுக்கு அனுப்பினது என்றுதான் கேட்டார்கள்.

முதலில் முட்டிக்கொண்டவள் அஞ்சலாட்சி. நாற்பத்தேழு வயது, புருஷன் தணிகாசலம் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மிச்சமிருப்பது ஒரு ஏக்கர் பத்து சென்ட் கொல்லையும் அதில் முளைக்கிற சந்தேகங்களும்தான். அன்றைக்குக் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தன் நிலத்துக்குள் காலெடுத்து வைத்தவளின் நெற்றி ணங்கென்று எதிலோ இடித்தது. எதிரே ஒன்றுமில்லை. கையை நீட்டித் தடவினால் தண்ணீர்ப் பானையின் வயிறு மாதிரிக் குளிர்ச்சியாக ஒரு சுவர். இடமாக நடந்து பார்த்தாள், வலமாக நடந்து பார்த்தாள், சுவர் கூடவே வந்தது. நெற்றி புடைத்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே அவள் முதலில் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"கலியமூர்த்தி."

கலியமூர்த்தி அவள் கொழுந்தன், தணிகாசலத்தின் தம்பி, பக்கத்துக் கொல்லைக்காரர். பாகம் பிரித்தபோது அண்ணனுக்கு மேற்குப் பாதி, தம்பிக்குக் கிழக்குப் பாதி, நடுவில் மூன்றடி அகலத்துக்கு ஒரு வரப்பு, அதில் ஆளுக்குச் சரிபாதி. அந்த வரப்பை வருஷா வருஷம் அவர் தன் பக்கமிருந்து இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே வருகிறார் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவள் அஞ்சலாட்சி. தணிகாசலம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நேரே தம்பி வாசலுக்குப் போனார். அன்றைக்கு அறுந்தது பேச்சு. அண்ணன் செத்த அன்று தம்பி தெருமுனைவரை வந்து, பந்தலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கும் அஞ்சலாட்சி ஒரு காரணம் வைத்திருந்தாள்: செத்தது நிஜந்தானா என்று பார்க்க வந்திருப்பான்.

சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஏரியிலிருந்து திரும்பிய ஆடுகள் வழக்கமாகக் குறுக்கே ஓடிவருகிறவை, அன்று ஓரிடத்தில் நின்று, இடப்பக்கம் திரும்பி, நூறு அடி நேராக நடந்து, வலப்பக்கம் திரும்பி, மறுபடி நேராக நடந்து, பள்ளிக்கூடத்தில் வரிசை கட்டிய பிள்ளைகள் மாதிரி வந்து சேர்ந்தன. காக்கைகள் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வெறும் காற்றில், கோடு போட்டாற்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சுவருக்குள்ளே மாட்டிக்கொண்ட மணிலாச் செடிகள் மட்டும் எவ்வளவு காற்றடித்தாலும் ஆடவில்லை, மற்றச் செடிகளெல்லாம் தலையாட்ட இவை மட்டும் படத்தில் எழுதினவை போல நின்றன. அதை வைத்துத்தான் சுவர் எங்கே போகிறது என்று கண்டுகொண்டார்கள்.

ஊர் கூடியது. புறம்போக்கைக் கேட்டு வந்த கம்பெனியின் வேலை என்றார்கள் சிலர். ஏரித் தண்ணீருக்காகப் பக்கத்து ஊர்க்காரன் வைத்த ஏவல் என்றார்கள் சிலர். பஞ்சாயத்துத் தலைவர் சிங்காரவேலு எழுந்து, தனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுக்க, அன்றிலிருந்து பாதி ஊருக்குத் தலைவர்மேல்தான் கண்.

ஆனால் சந்தேகம் ஒரு பக்கம் இருக்க, சுவர் என்று ஒன்று கிடைத்துவிட்டால் அதைச் சும்மா விடுகிற சாதியா மனுஷ சாதி? ஒரு வாரத்தில் பெண்கள் அதில் வறட்டி தட்ட ஆரம்பித்தார்கள். வெயில் படும் தெற்குச் சுவர் முழுக்க, ஐந்து விரல் பதிந்த வட்ட வட்ட வறட்டிகள் காற்றில் வரிசையாகத் தொங்கின. சைக்கிளைச் சாத்தினார்கள், மண்வெட்டியைச் சாத்தினார்கள், அடுத்த தேர்தலுக்கு இந்தச் சுவர் எங்களுக்கு என்று இரண்டு கட்சிக்காரர்கள் சுண்ணாம்பால் எழுதிவைத்துவிட்டு யார் எழுத்து முந்தியது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பொண்ணு பார்க்க வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போய்க் காட்டி, இது எங்க கொல்லையில மூணு அறை, ஒரு கூடம் என்று பெருமை பேசினவர்களும் உண்டு. அந்தச் சம்பந்தம் முடியவில்லை, அறைகளைத் தடவிப் பார்த்த மாப்பிள்ளையின் தகப்பனார், பின்கட்டில் கதவு இல்லையே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அஞ்சலாட்சிக்கு மட்டும் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவள் கொல்லை முழுக்க ஒரே வீட்டுக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. மேற்கில் சுவர், வடக்கில் சுவர், தெற்கில் சுவர், கிழக்கில் வரப்பை ஒட்டி ஒரு சாண் கனத்தில் ஒரு சுவர். நாலு பக்கமும் மூன்று நாள் உள்ளங்கை தேயத் தேயத் தடவியதில் ஒரே ஒரு வாசல்தான் அகப்பட்டது, அதுவும் கலியமூர்த்தியின் கொல்லைக்குள் திறந்தது. போதாக்குறைக்கு, மிச்சமிருந்த வரப்பு அவ்வளவும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. இந்தப் பக்கம் மருந்துக்குக்கூட வரப்பு இல்லை, செடி சுவர்வரைக்கும் முளைத்திருந்தது.

"பாத்தியா, சொவத்தை வச்சே வரப்பை முழுங்கிட்டான்," என்று அவள் காற்றிடம் சொன்னாள். காற்றுதான் இப்போது கெட்டியாக நின்று கேட்டதே.

ஆகவே அவள் ஒரு ஏணி செய்துகொண்டாள். மேற்குச் சுவரில் சாத்தி ஏறி, உச்சியில் உட்கார்ந்து ஏணியை மேலே இழுத்து, மறுபக்கம் விட்டு இறங்கிக் களை வெட்டினாள். ஒற்றை ஆளுக்கு அது சரி. ஆனால் சித்திரையில் மணிலா முற்றும்போது பிடுங்க இருபது பெண்கள் வேண்டும், மூட்டைகள் வெளியே வர வேண்டும், கோடைமழை ஒரு நாள் முந்திக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். வருஷத்துக்கு அவள் சாப்பிடும் சோறு அந்தக் கொல்லையில் இருந்தது, அதற்குப் போகும் வழி கலியமூர்த்தியின் கொல்லையில் இருந்தது. போய்க் கேட்பதைவிட ஏணியில் மூட்டையைத் தூக்கி உயிரை விடலாம் என்று நினைத்தாள்.

பங்குனி பிறந்ததும் அரசாங்கம் ஒரு அம்மாளை அனுப்பியது. இருதயராணி என்று பெயர், பழைய நகரங்களை ஆராய்கிறவர், கையில் அளவு நாடா, தலையில் வைக்கோல் தொப்பி. ஊர்க்காரர்கள் அவருக்கு அளவம்மா என்று பெயர் வைத்தார்கள். அவர் இரண்டு நாள் சுவர்களைத் தடவிக்கொண்டே நடந்தார், மூன்றாம் நாள் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அளக்க வந்தவர் எதற்கு அழுகிறார், ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக இருக்குமோ என்று ஊர் சுற்றி நின்று பார்த்தது.

"இது ரோமாபுரிக்காரங்க கட்டின ஊரு," என்றார் அளவம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் எட்டு வருஷம் அங்க வேலை செஞ்சேன். ஊரு அழிஞ்சதும் சுத்துப்பட்டு சனங்க கல்லையெல்லாம் பேத்து எடுத்துட்டுப் போய் அவங்க வீட்டைக் கட்டிக்கிட்டாங்க. இப்ப அங்க கோதுமை வெளையுது. எந்தத் தெரு எங்க போச்சுன்னு நூறு வருஷமா சண்டை போடறாங்க. மிச்சம் இருக்கறது மூணு வாசல் வச்ச ஒரு கோட்டைக் கதவும் கொஞ்சம் சாக்கடையும்தான். அந்த மூணு வாசலும், அதே அளவுல, உங்க ஏரிக்கரை ஓரமா நிக்குது."

"அங்க இல்லாத ஊரு இங்க எதுக்கும்மா வரணும்?" என்று கேட்டார் தலைவர்.

"தெரியலைங்க. அங்க கல்லு இருக்கு, ஊரோட வடிவம் இல்லை. இங்க வடிவம் இருக்கு, கல்லு இல்லை."

"அதெல்லாம் சரி. அளந்து முடிச்சு எங்களை எப்ப காலி பண்ணச் சொல்வீங்க?"

அளவம்மா அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்தார். சத்தியம் செய்கிறாரென்றால் ஏதோ இருக்கிறது என்று ஊர் முடிவுகட்டியது.

நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அஞ்சலாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டார். முதலில் முட்டிக்கொண்டவள், சுவர் பழகின கை. அஞ்சலாட்சியும் போனாள், கலியமூர்த்தி பக்கம் நாடா போகும்போது தான் கூடவே இருக்கலாமே என்றுதான் போனாள். அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க, அளவம்மா பின்னாலேயே சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். நகரம் மெல்ல மெல்ல வெளுத்து மேலே வந்தது. வடக்கு தெற்காக ஒரு பெருந்தெரு, கிழக்கு மேற்காக ஒரு பெருந்தெரு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சந்தை கூடும் பெரிய முற்றம், அதை ஒட்டிக் குளியல் மண்டபம், பிறகு சதுரம் சதுரமாக வீட்டுக்கட்டுகள். நகரத்தின் தரை நம் மண்ணுக்கு அடியில் ஆழத்தில் இருந்ததால் வாசல்களெல்லாம் மார்பளவுக்குத்தான் தெரிந்தன. உள்ளே போகிறவர்கள், பண்ணையாரானாலும் பஞ்சாயத்துத் தலைவரானாலும், முதுகை வளைத்துத்தான் போக வேண்டியிருந்தது.

இருபது நாள் கழிந்தது. அளவம்மா தான் எழுதின வரைபடத்தை விரித்துப் பார்த்தார், பெருந்தெரு நாக்குப்பூச்சி மாதிரி நெளிந்து கிடந்தது, முற்றத்தின் நாலு மூலையில் ஒன்றுகூடச் சேரவில்லை.

"இந்த ரோமாபுரிக்காரங்க சாமி கும்பிட மறந்தாலும் நேர்கோடு போட மறக்க மாட்டாங்க, அஞ்சலாட்சியம்மா," என்றார். "எங்கேயோ தப்பு நடக்குது."

எங்கே என்று அஞ்சலாட்சிக்குத் தெரியும், ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோடு போன இடத்தில் நாளைக்குக் கவர்மென்ட்டு கல் நடும் என்பது ஊரின் நிச்சயமான எண்ணம். ஆகவே அளவம்மா மத்தியானம் முந்திரித் தோப்பில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும், அவரவர் தன் கொல்லைக்குப் போய், வெற்றிலை போட்டுக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டே, காலால் சுண்ணாம்புக் கோட்டை ஒரு சாண் அடுத்தவன் பக்கம் நகர்த்திவிட்டு வந்தார்கள். அடுத்தவனும் வந்து ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தினான். வரப்பு வெட்டிப் பழகின கால் அப்படித்தான் போகும். இதில் வேடிக்கை, சுவரென்னவோ இடம் விட்டு அசையவே இல்லை. கோட்டை நகர்த்திவிட்டுத் திரும்பினவர்கள் அதே பழைய இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள், முட்டிக்கொண்டு தலையைத் தேய்த்தபடி மறுநாளும் கோட்டை நகர்த்தினார்கள். அஞ்சலாட்சியும் கிழக்குக் கோட்டை மூன்று தடவை நகர்த்தியிருந்தாள். கலியமூர்த்தி எத்தனை தடவை நகர்த்தினாரோ, அவள் ஏணிமேல் ஏறி உட்கார்ந்து காவல் காத்தும் பார்க்கக் கிடைக்கவில்லை. அப்படியானால் பெரிய கெட்டிக்காரன் என்று வைத்துக்கொண்டாள்.

அளவம்மா லேசுப்பட்டவர் இல்லை. நாலு நாள் சாப்பிடப் போகிறமாதிரி போய் மரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தார், ஐந்தாம் நாள் ஊரைக் கூட்டினார். கோபிக்கவில்லை.

"இனிமே கோடு வேணாம்," என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமை காலையில அவங்கவங்க கொல்லையில, சுவத்துல முதுகைச் சாத்தி, ஒரு கை தூரத்துக்கு ஒரு ஆளா நில்லுங்க. கல்யாண வீடியோ எடுக்கறவரு டிரோன் கொண்டாரார். மேலேருந்து ஒரே ஒரு போட்டோ. உங்களையே புள்ளியா வச்சு நான் ஊரை வரைஞ்சுக்கறேன்."

கோட்டைக் காலால் தள்ளலாம், முதுகைச் சுவருக்குள் தள்ள முடியாது. ஊர் யோசித்தது. அவன் மட்டும் நின்றால் எப்படி, சுவரின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும் என்றார்கள். அளவம்மா சரி என்றார். நடுவில் யாராவது இடம் மாறினால்? பக்கத்தில் நிற்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அளவம்மா. அந்த ஒரு வார்த்தையில் ஊர் மடங்கியது. பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதானே அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தென்கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கோடைமழை இரண்டு நாளில் வந்துவிடும், காய் முற்றி நாளாயிற்று. போட்டோ அரசாங்கத்துக்குப் போகிறது என்பதால் ஊரே பெட்டியைத் திறந்து நல்ல துணி எடுத்து உடுத்திக்கொண்டு கிளம்பியது. அஞ்சலாட்சி எடுத்து உடுத்தியது தன் கல்யாணக் கூரைப்புடவை, அரக்குச் சிவப்பு, சரிகை மொடமொடவென்று நிற்கும். தாலி இறங்கினவள் கூரைப்புடவை கட்டுவதாவது என்று தெருவில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இந்த நெலத்துக்கு நான் எந்தப் புடவையில வந்தேனோ அந்தப் புடவையில நிக்கறேன்," என்றாள் அவள். "கவர்மென்ட்டு பாக்கட்டும்."

ஏணியில் ஏறி இறங்கும்போது சரிகை கிழியாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். மேற்கே சர்வே கல்லடியில் இறங்கியவள் கிழக்குச் சுவரைப் பார்த்து நடந்தாள். அந்தக் கொல்லையில் மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் அவள் வாய் தானாக எண்ணும். கல்யாணமான மூன்றாம் நாள், மாமனார் நிலத்தைக் காட்ட அழைத்து வந்தபோது, இதே கல்லிலிருந்து, அப்போதே இருந்த அந்த வரப்பின் நடுமுதுகுவரை அவள் விளையாட்டாக அடி வைத்து எண்ணினாள். ஐம்பத்திரண்டு. பதினாலு வருஷம் கழித்து ஒரு நாள், புடவையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டி உரம் போட்டுவிட்டு வந்தவள், என்னவோ தோன்றி எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்பது. மூன்றடியை முழுங்கிவிட்டான் என்று அன்றைக்குத்தான் புருஷனிடம் ஓடினாள். சர்வேயரைக் கூப்பிடலாம் என்று தணிகாசலம் சொன்னதற்கு, சர்வேயர் பெண்டாட்டி கலியமூர்த்தி மாமியார் ஊர்க்காரி என்று சொல்லி வாயை அடைத்தாள். தன் காலைத் தவிர அவள் யாரை நம்பினாள்? அதற்கப்புறம் வருஷா வருஷம் எண்ணினாள். நாற்பத்தொன்பது. வருஷா வருஷம் கார்த்திகையில், விதைப்புக்கு முன்னால், போனதை மீட்பதாக நினைத்து வரப்பில் ஒரு கை அகலம் தன் பக்கமிருந்து வெட்டிக்கொண்டாள். தண்ணீர் பட்டும் உழவு பட்டும் வெட்டினதில் பாதி மறுபடி சரிந்து நிரம்பும், அவன் தள்ளிவிட்டான் என்று அடுத்த வருஷம் மறுபடி வெட்டுவாள்.

இப்போது அந்த மொடமொடப் புடவை காலைக் கட்டிப்போட, சுருக்கமாக அடி வைத்து நடந்தவளின் உதடு நாற்பத்தொன்பதைத் தாண்டியது. ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டில் அவள் கை சுவரைத் தொட்டது.

அவள் அப்படியே நின்றாள். யாரைச் சந்தேகப்படலாம் என்று அவசர அவசரமாகத் தேடினாள். கல் அரசாங்கக் கல், நாற்பது வருஷமாக அசையாத கல். சுவரை யாரும் காலால் தள்ள முடியாது. நாடா இல்லை, சர்வேயர் இல்லை, கலியமூர்த்தி இல்லை. அவள் காலும், அவள் புடவையும்தான் இருந்தன. வரிந்து கட்டின கால் எட்டி வைக்கும், கூரைப்புடவைக் கால் எட்டி வைக்காது.

"எல்லாரும் நின்னுட்டீங்களா?" என்று தோப்பிலிருந்து ஒலிபெருக்கியில் குரல் வந்தது. ஊர் நின்றுவிட்டிருந்தது. பெருந்தெருவின் இரண்டு ஓரமும், முற்றத்தின் நாலு பக்கமும், குளியல் மண்டபத்தைச் சுற்றியும், பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக அறுநூறு பேர், முதுகில் நகரத்தைச் சாத்திக்கொண்டு, ஓரக்கண்ணால் அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டு, ஒரு விரற்கடை அசையாமல் நின்றார்கள். எத்தனை நூறு வருஷம் கழித்தோ அந்த நகரம் அன்றைக்குத்தான் கோணல் இல்லாமல் நிமிர்ந்து நின்றது. நம்பிக்கையால் கட்டியிருந்தால்கூட அவ்வளவு நேராக வந்திருக்காது.

அஞ்சலாட்சி மட்டும் சுவருக்கு முகத்தைக் காட்டி நின்றாள். ஒரு சாண் காற்றுக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தியின் முதுகு தெரிந்தது, நரைத்த பிடரி தெரிந்தது. அவர் நின்றிருந்தது வரப்பின் மேல். அவருடைய பாதி வரப்பு ஒன்றரை அடிக்குக் குறையாமல், பழைய கோரைப்புல் அடர்ந்து, மண்வெட்டி படாமல் கிடந்தது. அவளுடைய பாதியைத்தான் காணோம். அவளே தின்று முடித்திருந்தாள்.

"தம்பி," என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அந்தப் பக்கம் போயிற்று. பிடரி விறைத்தது, திரும்பவில்லை. திரும்ப முடியாது, பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன் காவல் நிற்கிறார்.

"தம்பி, நீ வரப்பை வெட்டல. நான்தான் வெட்டினேன்."

"தெரியும்," என்றார் கலியமூர்த்தி.

"தெரியுமா?"

"வருஷா வருஷம் கார்த்திகையில பாக்கறேனே. எதுக்கோ திட்டம் போடறீங்க, நான் கேட்டுக்கிட்டு சண்டைக்கு வந்தா கேசு குடுப்பீங்கன்னு கம்முனு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வருகிற இடம்தான், அழுகை வந்தது. "மூணடி கொறஞ்சுதுன்னு உங்க அண்ணங்கிட்ட சொன்னேன். அதுவும் பொய்யி. தெரிஞ்சு சொன்ன பொய்யி இல்ல."

"எதை வச்சு சொன்னீங்க? அண்ணன் என்னை ஒண்ணும் கேக்கல. கடப்பாரையோட வந்து நின்னாரு. எதை வச்சுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

"அடி வச்சு எண்ணினேன். கண்ணாலத்தப்ப அம்பத்திரெண்டு. அப்புறம் நாப்பத்தொம்பது."

"அம்பத்திரெண்டு நானும் கூட எண்ணினேன் அண்ணி," என்றார் கலியமூர்த்தி. அன்றைக்கு அவருக்குப் பதினெட்டு வயது. "கூரைப்புடவையைக் கட்டிக்கிட்டுக் கோழிக்குஞ்சு மாதிரி அடி வச்சீங்க. இந்தப் பொண்ணு நாத்து நட எப்படி எறங்கும்னு அண்ணங்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். இதை என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

கேட்டிருந்தால். தணிகாசலம் கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. யாரைத் தேடுகிறார் என்று அவளுக்கு அப்போதும் தெரியும். வந்தால் எதையாவது எழுதி வாங்கிவிடுவான் என்று சொல்லி ஆள் அனுப்பாமல் இருந்ததும் அவள்தான். அந்தப் பாவத்துக்கு அளவு நாடா கிடையாது. நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு, பட்டுப்புடவையில் பொட்டுப் பொட்டாக நனைய நனைய, அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

"இதை இப்ப எதுக்கு சொல்றீங்க?" என்று கேட்டார் கலியமூர்த்தி. குரலில் பழைய ஊர்ப் புத்தி எட்டிப் பார்த்தது. "மல்லாட்டைக் காய் முத்திடுச்சு, மழை வருது. என் கொல்லை வழியா வழி வேணும், அதுக்குத்தானே?"

"வழியும் வேணும்," என்றாள் அஞ்சலாட்சி. "ஆனா அதுக்காக மட்டும் சொல்லல. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்."

அவர் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி முடிந்தது என்று கத்தியது, ஊர் கலைந்தது. கலியமூர்த்தி திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

அன்று மாலையே அளவம்மா வரைபடத்தை முடித்தார். தெரு நேராக இருந்தது, மூலைகள் சேர்ந்தன. எல்லாப் புள்ளியும் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்க, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் சுவருக்கு முகத்தைக் காட்டி நிற்பதை அவர் கவனித்தார். செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில் தொப்தொப்பென்று ஒரு சத்தம். ஊரே ஓடிப்போய்ப் பார்த்தது. காற்றில் தொங்கின வறட்டியெல்லாம் ஒரே சமயத்தில் மண்ணில் விழுந்து கிடந்தது, காக்கைகள் உட்கார இடம் தெரியாமல் கத்திக்கொண்டு சுற்றின, சுவருக்குள் நின்ற செடிகள் இரண்டு மாதம் கழித்துத் தலையாட்டின. நகரம் போய்விட்டது. பத்து மணிக்கு அளவம்மாவின் கைப்பேசி அடித்தது. கடலுக்கு அந்தப் பக்கத்துக் கோதுமை வயலில் செம்மறியாடுகள் காலையிலிருந்து மூலைக்கு மூலை திரும்பித் திரும்பி நடக்கின்றனவாம். அளவம்மா அன்றே மூட்டை கட்டினார். சுவரை யார் திருடினது என்று விசாரிக்க ஊர் ஒரு குழு போட்டது, குழுவைக் கண்காணிக்க இன்னொரு குழு போட்டது.

அஞ்சலாட்சியின் புத்தி ஒரு கணம் பழையபடி கணக்குப் போட்டது. இரண்டே நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வழியும் கேட்டிருக்க வேண்டாம், வரப்பையும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டாம். சுவர் போகப்போவது அவனுக்கு முன்னமே தெரிந்திருக்குமோ? அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. கிடைத்த நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் திறந்து கிடந்த கொல்லையில் இறங்கிப் பிடுங்க ஆரம்பித்தாள். நாலு பேரால் ஆகிற வேலை இல்லை அது.

கிழக்கே ஆள் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கலியமூர்த்தி சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், பின்னால் அவர் மனைவி, இரண்டு மகள்கள், இன்னும் ஏழெட்டுப் பெண்கள். பெண்கள் நேரே வரப்பைத் தாண்டி அங்கங்கே இறங்கினார்கள். கலியமூர்த்தி தாண்டவில்லை. வரப்போடு வடக்கே நாற்பது அடி நடந்தார், அந்த ஒரே வாசல் இருந்த இடத்தில் நின்றார், நெற்றி இடிக்காமல் இருக்க ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, முதுகை நன்றாக வளைத்தார்.

சுவர் இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறாரா, இல்லை தெரிந்துதான் குனிகிறாரா? கொடுவாப்பட்டில் பிறந்த எவளும் அதைக் கேட்காமல் விடமாட்டாள். அஞ்சலாட்சி கேட்கவில்லை. கையிலிருந்த செடியை உதறிப் போட்டுவிட்டு, செடிகளுக்கு நடுவே ஓடிப்போய் அந்த இடத்தில் நின்றாள்.

"எந்தப் பக்கத்துலேருந்து புடுங்கறது அண்ணி?" என்று குனிந்தபடியே கேட்டார் கலியமூர்த்தி.

அவர் உள்ளே வருவதற்கு, வாசலில் நின்றிருந்த அஞ்சலாட்சி ஒதுங்கி வழிவிட்டாள்.